முப்பத்திரண்டாம் கட்டத்துப் பிடரி

கற்பூரத்தை ஏற்றி வையுங்கள், உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கூட்டிச் சொல்லவில்லை. குறைத்தும் சொல்லவில்லை. நம்பிக்கை வராதவர்கள், நம்பிக்கை வராத இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வரலாம். பென்சில் தேயும், அவ்வளவுதான்.

அந்த ஃபேஷன் ஷோவில் மேடைக்குப் போகிற பெண்கள் திரும்பி வருவதில்லை. அங்கே அது வழக்கம். இடது பக்கத் திரையை விலக்கிக்கொண்டு போவார்கள். நீளமான மேடையில் நடப்பார்கள். மேடை முடிகிற இடத்தில் நின்று இடுப்பில் கை வைப்பார்கள். அதற்கப்புறம் மூன்று படி இறங்கினால் தெரு. தெருவில் பஸ் ஸ்டாப். அவரவர் பஸ்ஸில் ஏறி அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போட்டிருந்த உடுப்பு மட்டும் வலது பக்கத் திரை வழியாகத் தானாகவே உள்ளே வந்து ஹாங்கரில் தொங்கிக்கொள்ளும்.

ஆகவே வீட்டுக்குப் போக வேண்டுமானால் மேடை ஏறித்தான் ஆக வேண்டும். வேறு வாசல் கிடையாது. காலையில் எல்லோரும் உள்ளே வந்த வாசல் ஒன்று இருந்தது. எல்லோரும் வந்தாயிற்று என்றதும் அதைக் கழற்றி, மடித்து, அலமாரிமேல் வைத்துவிட்டார்கள்.

எத்திராஜ் அன்றைக்கு இருந்தது மேடைக்குப் பின்னால். மாடல் பெண்கள் உடுப்பு மாற்றி, தலை வாரி, மேக்கப் போட்டுக்கொள்ளும் நீளக் கூடம் அது. காலையில் அவர் வந்தபோது நாற்பது அடி இருந்தது. டீ வந்தபோது அறுபது அடி. டீ கொண்டுவந்தவருக்கு மூச்சு வாங்கியது, டீ ஆறியிருந்தது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெரிய ஷோ என்றால் கூடம் கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

எத்திராஜ் கலைப் புகைப்படக்காரர். ஐம்பத்தெட்டு வயசு. மேடைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து படம் எடுக்கிறவர்களை அவர் மனிதராக மதிப்பதில்லை. "அவங்க எடுக்கறது துணிக்கடை போர்டு" என்பார். அவர் எடுப்பது மேடைக்குப் பின்னால் நடப்பதை. அதிலும் முகத்தை எடுப்பதில்லை. பிடரிதான். தூக்கிக் கட்டிய கொண்டைக்குக் கீழே, பவுடர் முடிந்து தோல் ஆரம்பிக்கிற அந்தக் கோடு. ஏறாமல் பாதியில் நிற்கிற ஜிப். அளவு பெரிசாகிப் போன ரவிக்கையை நாலு ஊக்கு குத்தி இறுக்கிய முதுகு. இருபத்திரண்டு வருஷமாகக் கறுப்பு வெள்ளையில் பிடரிகள். கண்காட்சி வைத்தால் ஜனங்கள் வருவார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிடரிகளுக்கு முன்னால் நின்று தலையாட்டுவார்கள். அப்படி நிற்கிறவர்களின் பிடரியை எடுத்து அடுத்த கண்காட்சியில் மாட்டுவார்.

வீட்டிலும் அப்படித்தான். அவர் தன் மனைவியை எடுத்த படங்களில் எல்லாம் அந்த அம்மாள் கதவைத் திறந்துகொண்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் நிஜமாகவே போய்விட்டார். எத்திராஜ் அதையும் எடுத்தார். நல்ல படம்.

அந்தக் கூடத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. "சேஞ்ச்!" என்று குரல் வந்தால் பெண்கள் உடுப்பு மாற்றுவார்கள். ஆண்கள் அத்தனை பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். "ஆச்சு!" என்று குரல் வந்தபிறகுதான் திரும்பலாம். எத்திராஜ் இதில் மகா கறார். யாராவது கழுத்தை லேசாக அசைத்தால்கூடப் பக்கத்திலிருந்து முறைப்பார். சென்னையில் இருக்கிற அத்தனை மண்டபங்களின் பின்சுவர்களும் அவருக்கு மனப்பாடம். எந்தச் சுவரில் எந்த இடத்தில் சுண்ணாம்பு உப்பியிருக்கிறது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

அன்றைக்குக் குரல் கொடுத்தவர் வைஜயந்தி மேடம். யார் எப்போது மேடைக்குப் போக வேண்டும் என்று அனுப்புகிறவர். காதில் ஒரு கருவி மாட்டியிருந்தார். அதற்குள் ஒருவர் இருந்தார். வைஜயந்தி மேடம் பேசுவதில் பாதி காதில் இருப்பவருக்கு, பாதி எதிரில் இருப்பவருக்கு. எந்தப் பாதி யாருக்கு என்று சொல்ல மாட்டார்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பலகை. பலகையில் நாற்பது கட்டம். கட்டத்துக்கு ஒரு பெண்ணின் படம், படத்துக்குக் கீழே நம்பர், என்ன உடுப்பு, என்ன செருப்பு. வைஜயந்தி மேடம் படத்தைப் பார்ப்பார், ஆளைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். பொருந்தினால் "போ" என்பார். எல்லா ஷோவிலும் இப்படித்தான். இதில் ஒன்றும் விசேஷமில்லை.

காலையில் முப்பத்தொரு பேரைப் படம் எடுத்ததும் மேடத்தின் கேமரா நின்றுவிட்டது. முப்பத்துமூன்று முதல் நாற்பது வரை போன ஷோவின் படங்களே கிடைத்தன. முப்பத்திரண்டாம் கட்டம் மட்டும் காலி.

முப்பத்திரண்டு, பிரிஸில்லா. பெரம்பூர். இருபத்தாறு வயசு. நல்ல உயரம். நேர்வகிடு, தூக்கிக் கட்டிய கொண்டை. அன்றைக்கு அவளுக்கு மாம்பழக் கலர் பாவாடை சட்டையும், ஒரு சைஸ் பெரிய செருப்பும். செருப்பின் நுனியில் டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி அடைத்திருந்தாள்.

"எத்திராஜ் சார், உங்ககிட்ட கேமரா இருக்கில்ல? இவள ஒண்ணு எடுத்துக் கொடுங்க. அவசரம். இல்ல இல்ல, உங்கள சொல்லல" என்றார் வைஜயந்தி மேடம்.

எத்திராஜ் கேமராவைத் தூக்கினார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கால் தானாகச் சுற்றிக்கொண்டு பிரிஸில்லாவின் பின்னால் போய் நின்றது. விரல் தானாக அமுக்கியது. மூலையில் ஒரு சின்ன பிரிண்டர் இருந்தது. படம் வெளியே வந்தது. மாசு மருவில்லாத பிடரி. கொண்டைக்குக் கீழே முடி கழுத்துவரை வந்து அங்கே ஒரு சுருளாக முடிந்திருந்தது. எத்திராஜுக்கே ஒரு கணம் கர்வமாக இருந்தது.

முப்பத்திரண்டாம் கட்டத்தில் ஒட்டினார்.

வைஜயந்தி மேடம் படத்தைப் பார்த்தார். பிரிஸில்லாவைச் சுற்றிப் பின்பக்கம் போனார். பிடரியைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"பொருந்துது" என்றார். "இனிமே இதுதான் நீ."

"மேடம், அது என் முதுகுப் பக்கம்" என்றாள் பிரிஸில்லா.

"படத்துல எது இருக்கோ அதான் முன்பக்கம். காந்திமதி! இவளுக்கு உடுப்பு தப்பா போட்டிருக்க. முன்னாடி போட வேண்டியத பின்னாடி போட்டிருக்க."

காந்திமதி உடுப்பு மாட்டிவிடுகிறவள். வாயில் எப்போதும் ஏழெட்டு ஊக்கு இருக்கும். அதைக் கடித்துக்கொண்டே பேசுவாள். "மன்னிச்சுக்குங்க மேடம்" என்று ஓடிவந்தாள். ஆண்கள் சுவரைப் பார்த்தார்கள். அவர்கள் திரும்பியபோது சட்டைப் பொத்தான் எல்லாம் பிரிஸில்லாவின் முதுகில் இருந்தன. பாசிமாலை முதுகில் தொங்கியது. செருப்பு குதிகால் பக்கமாக மாட்டப்பட்டிருந்தது.

"நடந்து பாரு கண்ணு" என்றாள் காந்திமதி.

பிரிஸில்லா திரையைப் பார்த்து நடந்தாள், எல்லோரும் நடப்பதுபோல. கூடத்துக்கு அது வேறு மாதிரிப் பட்டது. பலகைப்படி அவள் திரையிலிருந்து விலகிப் போகிறாள். விலகிப் போகிறவளுக்கு இடம் விட வேண்டியது முறைதானே? அவள் ஒரு அடி வைத்தால் கூடமும் ஒரு அடி நீண்டது. அவள் வேகமாக வைத்தால் அதுவும் வேகமாக நீண்டது. கால் மணி நேரம் நடந்தும் அவள் கிளம்பிய இடத்திலேயே வியர்த்து நின்றாள்.

"பின்பக்கமா நட" என்று யாரோ யோசனை சொன்னார்கள். பின்பக்கமாக நடந்தாள். திரை இருக்கும் இடம் தெரியவில்லை. தீயணைப்பு வாளிமேல் போய் உட்கார்ந்தாள்.

"எத்திராஜ் சார்" என்றாள், வாளியில் உட்கார்ந்தபடியே. "நான் வீட்டுக்குப் போகணும் சார். நான் போனாத்தான் எங்கம்மா சாப்பிடும். எத்தன மணி ஆனாலும் தட்டைக் கவுத்து வெச்சிட்டு உக்காந்திருக்கும்."

"காலையில சாப்பிட்டிருப்பாங்க இல்ல?"

"காலையில நான்தான் அவசரமா கிளம்பிட்டேனே."

எத்திராஜ் பலகையைப் பார்த்தார். முப்பத்திரண்டில் பிடரி அழகாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

"ஒரு முகம் எடுத்துடறேன்" என்றார். "ஒண்ணே ஒண்ணு. ஒட்டினதும் நீ போயிடலாம்."

வரிசையில் பிரிஸில்லாவுக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் நின்றார்கள். நம்பரைத் தாண்டிப் போக முடியாது. முப்பத்துமூன்றாம் நம்பர் ஷெரின் கத்தினாள்: "ஏய் முப்பத்திரண்டு, உன் சினிமாவ அப்புறம் வெச்சுக்க. எனக்கு நாலு மணிக்குப் பல்லு டாக்டர்."

"மணி என்ன ஆச்சு?" என்றாள் பிரிஸில்லா.

"பதினொண்ணு."

"காலையில வந்தப்பவும் பதினொண்ணுதானே?"

"அதான், சீக்கிரம் போகலாம்ல."

படத்தை மாற்றுவது அவ்வளவு லேசில்லை. அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி கொடுப்பவர் தணிகாசலம். கூடத்தின் கோடியில் அவருக்கு ஒரு மேஜை. எத்திராஜும் பிரிஸில்லாவும் அங்கே நடந்து போய்ச் சேர்ந்தபோது தணிகாசலம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார். டப்பாவுக்குள் ஒரு ஸ்டேப்ளர் இருந்தது.

"என்ன வேணும்?"

"இவங்க முகத்தைப் படம் எடுக்கணும்" என்றார் எத்திராஜ்.

தணிகாசலம் ஒரு நோட்டைப் புரட்டினார். "முப்பத்திரண்டுக்கு முகம் பதிவாகலையே."

"அதனாலதான் எடுக்கணும்ங்கறோம்."

"இல்லாத முகத்த எப்படி எடுப்பீங்க?"

"இருக்கு சார். இதோ பாருங்க" என்று பிரிஸில்லா குனிந்து முகத்தை மேஜைக்கு மேலே நீட்டினாள்.

தணிகாசலம் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். "என்னம்மா நீ! நான் பார்த்துட்டா சாட்சி ஆயிடுவேன். அதிகாரியே சாட்சியா இருந்தா வேல போயிடும்." கண்ணை மூடியபடியே ஒரு ஃபாரத்தைத் தடவி எடுத்துக் கொடுத்தார். "நிரப்புங்க. ரெண்டு சாட்சி வேணும். இந்த முகத்த நேர்ல பார்த்தவங்களா இருக்கணும்."

ஃபாரத்தில் இரண்டே கேள்வி. முகம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது? என்ன காரணத்துக்காக?

பிரிஸில்லா எழுதினாள்: பிறந்ததிலிருந்து. அம்மா அடையாளம் கண்டுபிடிக்க.

முதல் சாட்சிக்குக் காந்திமதியிடம் போனார்கள். அவள் ஒரு முழங்கையைத் துணியில் நுழைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை யாருடையது என்று தெரியவில்லை.

"அக்கா, என் முகத்தப் பார்த்திருக்கேன்னு ஒரு கையெழுத்து போடுங்க."

காந்திமதி யோசித்தாள். நேர்மையான பெண்பிள்ளை. "நாலு வருஷமா உனக்கு நான்தான் மாட்டிவிடறேன். ஜிப்ப ஏத்துவேன், அடுத்தவகிட்ட ஓடுவேன். உன் முதுகுல மூணு மச்சம் இருக்கு. அதுக்குக் கேளு, எங்க வேணா வந்து சொல்றேன்."

"போன மாசம் ஒண்ணா உக்காந்து பிரியாணி சாப்பிட்டோமே அக்கா. எதிரெதிர்ல."

"சாப்பிட்டோம். நான் பிரியாணியப் பார்த்தேன்."

காந்திமதிக்குச் சங்கடமாகிவிட்டது. "ஜெயசீலனக் கேளேன். மேக்கப்புக்காரரு. அவரு பார்க்காத முகமா?" என்றாள்.

ஜெயசீலன் முந்தின வாரம் கண்ணாடி ஆகிவிட்டிருந்தார். ஆளுயரக் கண்ணாடி, சுற்றிலும் பதினாறு பல்பு. நல்ல மனிதர். கண்ணாடியான பிறகும் ஒருநாள் லீவு போடவில்லை. வேறு வழியில்லாமல் எத்திராஜ் ஒரு பக்கமும் பிரிஸில்லா ஒரு பக்கமும் பிடித்து அவரைத் தூக்கினார்கள். இருநூறு அடி. நடுவில் இரண்டு தடவை இறக்கி வைத்தார்கள். ஜெயசீலன் கனமான ஆள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தணிகாசலம் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுல இருக்கறது என் முகம்" என்றார்.

"நீங்க எதிர்ல உக்காந்திருக்கீங்க சார்."

"அது எனக்குத் தெரியாதும்மா. இவர் எனக்குச் சாட்சி சொல்றாரு. உங்களுக்குச் சொல்லல." பிரிஸில்லா நிரப்பிய ஃபாரத்தை வாங்கி, அவள் பேரை அடித்துவிட்டுத் தன் பேரை எழுதினார். "முப்பது வருஷமா இதுக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்றார். ஸ்டேப்ளரை எடுத்து ஒரு தடவை அடித்துவிட்டு, மேஜையைப் பூட்டிக்கொண்டு, மேடைப் பக்கமாக நடந்தார். கூடம் அவருக்கு நீளவில்லை. நாலே எட்டில் திரைக்கு வந்தார். வைஜயந்தி மேடம் அவர் முகத்தைப் பார்த்து "போ" என்றார். வெளியே கைதட்டல் கேட்டது.

அதற்கப்புறம் அனுமதி கொடுக்க அங்கே ஆள் கிடையாது.

"அனுமதி இல்லாமலே எடுத்துடலாம்" என்றார் எத்திராஜ். ஜெயசீலனின் பல்புகளைப் போட்டார். பிரிஸில்லாவை வெளிச்சத்தில் நிறுத்தினார். கேமராவைத் தூக்கினார்.

"சேஞ்ச்!" என்றார் வைஜயந்தி மேடம்.

எத்திராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பினார்.

அந்த சேஞ்ச் கொஞ்சம் நீளம். திரும்பும்போது தொங்கியவை பருத்தி உடுப்புகள். "ஆச்சு" என்று கேட்டுத் திரும்பிப் பார்த்தால் எல்லாம் பட்டு. கல்யாண சீஸன் வந்து போயிருந்தது. மறுபடி கேமராவைத் தூக்கினார். மறுபடி "சேஞ்ச்!" இந்தத் தடவை திரும்பிப் பார்த்தபோது ஷெரினும் மற்ற ஏழு பேரும் கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். சென்னையில் ஸ்வெட்டர் போடுகிற காலம் ஒன்று வந்து போகிற அளவுக்கு நேரமாகிவிட்டது என்றால், மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

"என் பல்லு தானா விழுந்துருச்சு" என்றாள் ஷெரின். "ரொம்ப தாங்க்ஸ், முப்பத்திரண்டு."

பிரிஸில்லாவின் முகம் மங்க ஆரம்பித்தது. உபயோகிக்காத முகம் மங்கத்தானே செய்யும்? முதலில் இடது புருவம் போனது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு வலது கன்னத்தில் சிரித்தால் விழும் குழி. அதன்பின் மூக்குத்தி மட்டும் இருந்தது, மூக்கு இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. பிடரியோ நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தது. காந்திமதி இப்போதெல்லாம் பிடரியிடம்தான் பேசினாள். "டீ குடிக்கிறியா கண்ணு?" என்று கொண்டைக்குக் கீழே கேட்பாள்.

"சார்" என்றாள் பிரிஸில்லா, இருக்கிற வாயால். "இன்னும் கொஞ்சம் போனா எங்கம்மாவுக்கே அடையாளம் தெரியாது சார்."

எத்திராஜ் கேமராவைத் தூக்கினார்.

"சேஞ்ச்!"

கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக எத்திராஜ் திரும்பவில்லை. கழுத்து தானாகச் சுவர்ப் பக்கம் இழுத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். காந்திமதி வாயிலிருந்த ஊக்குகள் பொலபொலவென்று தரையில் கொட்டின. "எத்திராஜ் சாரா! ஐயையோ, எத்திராஜ் சாரா இப்படி!" என்று ஷெரின் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டாள். எத்திராஜ் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. கேமராவுக்குள் ஒரே ஒரு முகம் இருந்தது. மிச்சம் இருந்த முகம். அது அவரைப் பார்த்தது.

அவர் எடுத்த எதுவும் அதுவரை அவரைத் திருப்பிப் பார்த்ததில்லை. மனைவிகூட.

அமுக்கினார்.

பிரிண்டர் முனகியது. படம் வெளியே வந்தது. புருவம் இரண்டும் இருந்தன. குழி இருந்தது. கறுப்பு வெள்ளையில் பிரிஸில்லா சிரித்துக்கொண்டிருந்தாள், எடுக்கும்போது அவள் சிரிக்காவிட்டாலும். போய்விட்டவை எல்லாம் படத்துக்குள் வந்திருந்தன. எத்திராஜ் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் முப்பத்திரண்டாம் கட்டத்தில் ஒட்டினார். பிடரியைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வைஜயந்தி மேடம் படத்தைப் பார்த்தார். பிரிஸில்லாவின் முதுகுக்குப் போனார். பார்த்தார். முன்னால் வந்தார். அங்கே ஒரு மூக்குத்தி இருந்தது. மறுபடி படத்தைப் பார்த்தார்.

"யாரு இது?"

"பிரிஸில்லா" என்றார் எத்திராஜ்.

"அப்ப இது?"

"இதுவும் பிரிஸில்லாதான்."

வைஜயந்தி மேடம் காதில் கை வைத்துக் கேட்டார். தலையாட்டினார். "சார் சொல்றாரு, முகம் அம்சமா இருக்காம். உடனே அனுப்பச் சொல்றாரு. போ."

பிரிஸில்லா செருப்பைச் சரிசெய்துகொண்டு ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"நீ இல்லம்மா. படத்த."

காந்திமதி தரையிலிருந்து ஊக்குகளைப் பொறுக்கினாள். பிரிஸில்லாவை அவள் காலையில் வந்த உடுப்புக்கே மாற்றிவிட்டு, மாம்பழக் கலர் உடுப்பை ஹாங்கரில் மாட்டி, கழுத்துக்கு மேலே படத்தைக் குத்தினாள். நேராக இருக்கிறதா என்று இரண்டு தடவை தள்ளி நின்று பார்த்தாள். பழக்கதோஷத்தில் பின்னால் பாவாடை ஜிப்பையும் ஏற்றினாள். உடுப்பு நடந்தது. இடுப்பை அசைத்து நடந்தது. எட்டே எட்டில் திரையை விலக்கிக்கொண்டு போயிற்று.

வெளியே எழுந்த கைதட்டல் அன்றைய நாளிலேயே பெரியது.

எத்திராஜ் திரை இடுக்கில் பார்த்தார். படம் மேடை ஓரத்தில் நின்று இடுப்பில் கை வைத்தது. மூன்று படி இறங்கியது. பெரம்பூர் பஸ் வந்தது. ஜன்னல் சீட்டே கிடைத்தது. உடுப்பு மட்டும் திரும்பி வந்து ஹாங்கரில் தொங்கிக்கொண்டது.

அதன்பின் ஷெரின் போனாள். மற்ற ஏழு பேரும் போனார்கள். போகும்போது ஷெரின் பிரிஸில்லாவின் பிடரியைத் தட்டிக்கொடுத்து, "வரேண்டி, மனசுல வெச்சுக்காத" என்றாள்.

கூடம் அமைதியாகிவிட்டது. பிரிஸில்லா வாளியில் உட்கார்ந்திருந்தாள். "அம்மாவுக்கு ஒரு போன் போட்டுப் பாருங்க சார்" என்றாள்.

எத்திராஜ் நம்பரை அடித்து, அவளும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். அவள் அம்மா சகாயமேரி இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"யாரு, போட்டோக்காரர் சாரா? வந்துட்டா சார், வந்துட்டா. இப்பதான் கை கழுவிட்டு உக்காந்தா."

"சாப்பிடறாங்களா?"

"நெத்திலிக் குழம்பு. ரெண்டாந்தடவ சோறு வாங்கிட்டா. நானும் கூடவே சாப்பிடறேன். எத்தன நாளுப் பசி சார் இது! முகம்தான் கொஞ்சம் கறுப்பு வெள்ளையா இருக்கு. புள்ளய வெயில்ல நிக்க வெச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. பல்பு வெளிச்சம்."

"ரெண்டு நாள்ல தெளிஞ்சிடும்."

பிரிஸில்லா எழுந்து கிட்டே வந்தாள். "அம்மா சாப்பிடுதா?" என்று கேட்டாள்.

"சாப்பிடறாங்க."

"அப்ப சரி."

"பக்கத்துல யாரு சார் அது, பொம்பளக் குரல் கேக்குது?" என்றார் சகாயமேரி.

எத்திராஜ் பிரிஸில்லாவைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கொண்டை அசைந்ததில் தெரிந்தது.

"யாரும் இல்லம்மா" என்றார்.

"நல்லது சார். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்க. குழம்பு ஆறுது, வெச்சிடறேன்."

வைத்துவிட்டார்.

வைஜயந்தி மேடம் பலகையைத் துடைத்து நாற்பது கட்டம் புதிதாகப் போட்டார். காந்திமதி ஊக்குகளை வாய்க்குள் அடுக்கிக்கொண்டாள். காதில் இருந்தவர் என்னவோ சொன்னார்.

"சேஞ்ச்!"

மாற்றுவதற்கு யாரும் இல்லை. இருந்தாலும் எத்திராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பினார். ஒரு தடவை தவறியது போதும். பிரிஸில்லா மெல்ல வந்து அவருக்குப் பக்கத்தில், அதே சுவரைப் பார்த்து நின்றாள். பலகைப்படி பார்த்தால் அவள் கூடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில்தான் அவள் இல்லையே.

"அந்தப் பிடரிப் படத்த என்ன சார் பண்ணப் போறீங்க?"

"பையில இருக்கு. நாலு துண்டா."

"ஒட்டிடலாமா?"

"ஒட்டிப் பார்க்கலாம்."

"என்ன சார் தெரியுது உங்களுக்கு?"

"சுவர். இந்த இடத்துல ஈரமா இருக்கு."

"வெளியில மழையா இருக்கும்" என்றாள் பிரிஸில்லா.

மழைதான். அதனால் அந்த ஷோவை முந்தின நாளே ரத்து செய்திருந்தார்கள்; அன்றைக்கு மண்டபத்தை யாரும் திறக்கவே இல்லை.